எலி தோண்டிப் போட்ட கல்

இன்றைய பேச்சு, பழைய சுரங்கக் குழிகளிலும் அவற்றைச் சுற்றிய காடுகரைகளிலும் கிடைக்கும் கற்களைச் சேர்த்து வைப்பது பற்றியது. ஆனால் கதையை ஒரு வயல் எலியிடமிருந்து தொடங்கினால்தான் கணக்குச் சரியாக வரும்.

லண்டனில் ஜான் உட்வர்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். 1728இல் காலமானவர். கல், கனிமம், தொல்லுயிர்ப் படிவம் என்று வாங்கியும் வரவழைத்தும் அலமாரி அலமாரியாக அடுக்கியவர். ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது, எதற்கு உதவுவது என்று பட்டியல் போடுவதில் பிடிவாதக்காரர். அந்தப் பட்டியலில் நம் பக்கத்துக் கல் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு ‘நெல்ல கொரிவிண்டம்’ என்று பெயர் எழுதியிருக்கிறார், இன்னொன்றுக்கு ‘தெல்ல கொரிவிண்டம்’. முதல் கல் நெல் வயலில் அகப்படும், எலி வளை தோண்டும்போது மண்ணோடு வெளியே வந்து விழும், இரும்பை மெருகேற்ற ஆகும் என்று குறிப்பு. இரண்டாவது புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது. மாணிக்கத்தையும் வைரத்தையும் தீட்ட உதவுவது.

வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். நல்ல என்றால் கறுப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கருங்குருவிந்தம், வெண்குருவிந்தம், அவ்வளவுதான் விஷயம். ‘நல்ல’ என்பது கடல் தாண்டியதும் ‘நெல்ல’ ஆகி, நெல் வயலோடு சேர்ந்து தமிழ்க் காதுக்கு இன்னொரு அர்த்தமும் தந்துவிட்டது, அது தற்செயல். பெயர் மட்டும் நிலைத்தது. நம் குருந்தமும் குருவிந்தமும்தான் இன்று உலகம் முழுக்கக் கனிமப் புத்தகங்களில் ‘கொரண்டம்’ என்று நிற்கின்றன. வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்குத்தான். சிவப்பாகத் தெளிந்தால் மாணிக்கம், நீலமாகத் தெளிந்தால் நீலக்கல், தெளியாமல் மங்கிக் கிடந்தால் சாணைக்கு அரைபடும் குருந்தக்கல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டை, கல் கப்பலேறிய இடம். அது விளைந்த இடம் இல்லை. எலி தோண்டிய அந்த வயல் எந்த ஊர் வயல்? பட்டியல் போடுவதில் அத்தனை கறாரான உட்வர்டாலும் அதை எழுத முடியவில்லை. சீட்டில் ஊர்ப்பெயர் விடுபட்டுப்போன அந்தக் குறை, சேலம், நாமக்கல் கற்களை அடுத்த 200 ஆண்டுகளுக்கும் விடவில்லை.

மதராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இருந்தார். சைதாப்பேட்டையில் நாகதாளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்த அதே ஆண்டர்சன். 1767 அல்லது 1768 வாக்கில், எடின்பரோவில் முத்திரைக்கல் செதுக்கிக்கொண்டிருந்த வில்லியம் பெர்ரி என்பவருக்கு அவர் ஒரு பெட்டி படிகக் கற்களை அனுப்பினார். வைரம் நீங்கலாக மற்ற மணிகளையெல்லாம் இந்த நாட்டார் இதை வைத்துத்தான் தீட்டுகிறார்கள் என்று கூடவே தகவலும் போயிற்று. அந்த ஊர் வேதியியலாளர் ஜோசப் பிளாக் அதற்கு ‘அடமண்டைன் ஸ்பார்’ என்று பெயர் வைத்தார். வைரம் மாதிரி கடினமான படிகம் என்று பொருள். பெயர் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஊர்?

1784இல் கர்னல் காத்கார்ட் என்பவர், ஆண்டர்சனிடம் வாங்கிய சில துண்டுகளையும் ‘கொரண்டம்’ என்ற நாட்டுப் பெயரையும் சேர்த்து லண்டனில் சார்லஸ் கிரெவிலுக்கு அனுப்பிவைத்தார். கிரெவில் சாதாரணச் சேர்ப்பாளர் இல்லை. வெசுவியஸ் எரிமலையை ஆராய்ந்த சர் வில்லியம் ஹாமில்டனின் சகோதரி மகன்; மாமனுக்கு எரிமலை என்றால் மருமகனுக்குக் கனிமம். வந்த துண்டுகளைப் பூட்டி வைக்காமல் பகுப்பாய்வுக்குப் பல கைகளில் கொடுத்தார். பெர்லினில் கிளாப்ரோத் இந்தக் கல்லில் உலகம் அறியாத புதிய பொருள் ஒன்று இருப்பதாக முதலில் அறிவித்தார். பிறகு தாமே திருத்தி, பெரும்பகுதி அலுமினா என்று சொன்னார். யுரேனியத்தைக் கண்டறிந்த அதே கிளாப்ரோத். அவரையே ஒரு தடவை தடுமாற வைத்த கல் இது.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வரலாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கல் சேர்ப்பது பெரிய வீட்டுக்காரர்களின் பித்து. அதற்குத் தீனி போட்டவை கார்ன்வால் பகுதியின் செம்புச் சுரங்கங்கள். உள்ளே இறங்கி வெட்டுகிறவன் கண்ணில் நல்ல படிகம் ஒன்று பட்டால், அது உலைக்குப் போவதைவிடச் சேர்ப்பவர் வீட்டுக்குப் போவது லாபம் என்று அவனுக்குத் தெரியும். பிலிப் ராஷ்லி என்ற கார்ன்வால் நிலக்கிழார் அப்படிச் சேர்த்ததில் பெரும்பகுதி இன்று ட்ரூரோ நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீல் கோர்லாண்ட் என்ற செம்புச் சுரங்கத்தில் வான நீலத்தில் ஒரு படிகம் அகப்பட்டது. லிரோகோனைட் என்பது இப்போதைய பெயர். செம்பும் அலுமினியமும் ஆர்செனிக்கும் நீரும் கலந்த அபூர்வச் சரக்கு. அதைப் போன்ற செம்புக் கனிமங்களை 1801இல் ஒருவர் வடிவம் பார்த்து எழுதினார், இன்னொருவர் ரசாயனம் பார்த்து எழுதினார். வடிவம் பார்த்தவர் பூர்னோன் பிரபு, பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டன் வந்து கிரெவிலின் அலமாரிகளை ஒழுங்குசெய்தவர். ரசாயனம் பார்த்தவர் ரிச்சர்ட் செனிவிக்ஸ்.

வீல் கோர்லாண்டில் சுரங்க வேலை நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. அந்த நீலப் படிகத்தை இனி அங்கே போய் வெட்டி எடுக்க முடியாது. பழைய அலமாரி ஏதாவது கை மாறினால்தான் உண்டு. அப்படிக் கை மாறும்போது, கல்லோடு பழைய சீட்டு ஒட்டியிருந்தால் ஒரு மதிப்பு, சீட்டு தொலைந்திருந்தால் வேறு மதிப்பு.

சேலம், நாமக்கல் சீமையில் பேர் சொல்லும்படியான செம்புச் சுரங்கம் இல்லை. அப்புறம் எதற்கு இந்தச் செம்புக் கதை என்றால், அதே பூர்னோனும் அதே செனிவிக்ஸும் அடுத்த ஆண்டே, 1802இல், கையில் எடுத்தது நம் ஊர்க் கல்லை.

அதற்கு வழி திறந்தது ஒரு போர். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை ஆயிற்று. பாராமகாலும் சேலமும் நாமக்கல்லும் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போயின. புதுச் சீமை கைக்கு வந்ததும் வரிக் கணக்கு பார்த்தவர்கள் உண்டு, கோட்டைகளை அளந்தவர்கள் உண்டு. கிரெவிலின் வேண்டுகோளோ மதராஸ் கவர்னர் சர் சார்லஸ் ஓக்லி வரை போய், காரோ என்ற அதிகாரி குருந்தம் தோண்டும் இடத்தைத் தேடிப் புறப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்த ஊரை ‘பெர்மெட்டி’ என்று எழுதினார்கள். வேறொன்றுமில்லை, காவிரிக்கு வடக்கே இருக்கும் நம் பரமத்திதான். 1798இல் ராயல் சொசைட்டியில் கிரெவில் படித்த கட்டுரையில் அந்தப் பெயர் ஏறியது. எலி தோண்டிய வயலுக்கு ஒரு வழியாக விலாசம் கிடைத்தது.

கிடைத்ததோடு சரி. பூர்னோன் 1802இல் குருந்தத்தைப் பற்றி எழுதியபோது, குருந்தத்தை மட்டும் பார்க்காமல் அது பதிந்திருந்த தாய்ப்பாறையையும் பார்த்தார். மற்றவர்கள் உடைத்து எறிந்துவிடும் அந்த வெளிக்கல்லில்தான் அவர் கண் நின்றது. அதில் நார் நாராக ஒரு கனிமம். அதற்கு ‘ஃபைப்ரோலைட்’ என்று பெயர் வைத்தார். சர்க்கரைப் பரல் மாதிரி வெள்ளையாக இன்னொன்று. பிற்பாடு அதற்கு ‘இண்டியனைட்’ என்று இந்தியாவின் பெயரையே சூட்டினார். 1823இல் குஸ்டாவ் ரோஸ் என்ற ஜெர்மானியர் வெசுவியஸ் எரிமலைக் கற்களில் ‘அனார்த்தைட்’ என்ற கனிமத்தை விவரித்தார். இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. நிலைத்தது இத்தாலியக் கல்லுக்கு வைத்த பெயர். காவிரிக் கரைக் கல்லின் பெயர் பழைய அகராதிகளில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

ஏன் தோற்றோம் என்று கேட்டால், ரோஸ் படிகத்தின் கோணங்களை அளந்து, வேதியியலையும் சரியாகச் சொன்னார் என்பது நேர்மையான பதில். ஆனால் கூடவே இன்னொன்றும் உண்டு. வெசுவியஸ் என்றால் எவனும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். நம் கல்லுக்குப் புத்தகங்கள் கொடுத்த விலாசம் ‘கர்நாடகம்’. அன்றைய ஆங்கிலேயர் வாயில் கர்நாடகம் என்றால் ஆற்காட்டு நவாபின் சீமை. நெல்லூரிலிருந்து திருநெல்வேலி வரை எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். கட்டுரையில் பரமத்தி இருந்தது, கல்லோடு போன பெயரில் அது இல்லை.

கிரெவில் 1809இல் இறந்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் 13,727 பவுன் கொடுத்து அவருடைய கனிமங்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக வாங்கியது. பூர்னோன் முடியாட்சி திரும்பியதும் பாரிஸ் போய், பதினெட்டாம் லூயி மன்னரின் கனிம அறைக்குப் பொறுப்பேற்றார். அதற்குப் பிறகு லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் புதுச்சேரிக்கு வந்து, சேலம் வரை சுற்றி, செடிகளோடு கற்களையும் கட்டி அனுப்பினார். பாரிஸில் பல பத்தாண்டுகள் தூங்கிய அந்தக் கற்களை ஆல்ஃபிரட் லக்ருவா என்ற இளம் அறிஞர் எடுத்து, மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சேலம் கற்களையும் இலங்கைக் கற்களையும் பற்றி 1889இல் அவர் எழுதியதை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1891இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டது. பாரிஸில் உட்கார்ந்தபடி ஒருவர் சொல்லித்தான் சேலத்துப் பாறையின் உள்விவரம் கல்கத்தாவுக்கே தெரிந்தது. லெஷெனோவின் சீட்டில் சேலம் என்ற சொல் இல்லாமல் போயிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

இனி நம் ஊருக்கே வந்துவிடலாம். 1896இல் மிடில்மிஸ் என்ற ஆய்வுத் துறை அதிகாரி சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களின் குருந்த இடங்களை ஊர் ஊராகப் போய்க் குறித்தார். 1898இல் தாமஸ் ஹாலண்ட் குருந்தத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1956இல் ஏ.பி. சுப்பிரமணியம் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் இதழில் எழுதிய நீண்ட ஆய்வுதான் ‘சித்தம்பூண்டி’ என்ற பெயரை உலகப் புவியியல் படமெங்கும் போட்டது. பரமத்தி வேலூர் பக்கத்துக் கரடுகளிலும் மேட்டாங்காடுகளிலும் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இந்த வெள்ளைப் பாறைப் பட்டைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். பூர்னோனின் இண்டியனைட்தான் அதன் உடம்பு. நடுநடுவே குரோமைட் கருங்கோடுகள். பட்டையின் வயது 250 கோடி ஆண்டு.

அந்தக் காட்டில் குருந்தம் எப்படி அகப்படும் என்றால், மழைக்குப் பிறகு. வெயிலில் பாறை மக்கி மண்ணாகும், குருந்தம் மக்காது. கலப்பைக் கொழுவில் தட்டுப்படும், ஓடை மணலில் தங்கும், வரப்பு ஓரத்தில் மழை கழுவிவிட்ட சரளையில் ஒன்றிரண்டு துருத்தி நிற்கும். உழவர்கள் பொறுக்கிச் சேர்த்து விற்பது நெடுநாள் வழக்கம். எலி செய்த வேலையும் அதுதான்.

இதோ மேசைமேல் இருக்கும் இந்தக் கல்லை அருகில் வந்து பார்க்கலாம். கட்டைவிரல் நீளம். அழுக்குச் சிவப்பு, ஒரு பக்கம் சாம்பல் படிந்திருக்கிறது. நடுவில் தடித்து இரண்டு முனையிலும் ஒடுங்கி, குட்டி மத்தளம் மாதிரி. விரலை உருட்டினால் ஆறு பக்கம் தட்டுப்படும். பக்கங்களில் குறுக்கு வரிகள். முனை தட்டையாக உடைந்த இடத்தில், சாய்த்து வெளிச்சம் காட்டினால், சின்னச் சின்ன முக்கோணக் கீறல்கள். ஒரு பக்கம் வெள்ளைத் தோல் ஒட்டியிருக்கிறதே, அதுதான் தாய்ப்பாறை. விலைக்காரன் அதைத் தட்டி எறிந்துவிடுவான், சேர்ப்பவன் அதற்காகவே இந்தக் கல்லை எடுப்பான். கையில் வைத்தால் அளவுக்கு மிஞ்சிய கனம். சம அளவு தண்ணீரைப்போல 4 மடங்கு. சாதாரண வெள்ளைப் படிகக்கல்லில் இதை அழுத்தி இழுத்தால் கோடு விழும். அந்தக் கல்லால் இதன்மேல் இழுத்துப் பாருங்கள், பொடிதான் ஒட்டும், கோடு விழாது.

அரிவாளுக்குச் சாணை பிடிக்கிறவர் தெருவில் வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். வார் போட்டுச் சுற்றும் அந்தச் சக்கரம் கல்லைச் செதுக்கிச் செய்தது அல்ல. குருந்தத்தைப் பொடித்து, சலித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து வார்த்தது. ஏறத்தாழ இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு அரக்கு. அரக்கு தேய்ந்து விலக விலகப் புதுக் குருந்தப் பரல் முனை நீட்டும்; அதனால்தான் சாணை மழுங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஆச்சசன் என்பவர் கார்போரண்டம் என்ற செயற்கைப் பொருளைச் செய்தார். கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டிய பெயர். ஆக, குருந்தத்தின் பிழைப்பைக் கெடுத்த சரக்கும் குருந்தத்தின் பெயரைத்தான் பாதி சுமக்கிறது.

பரமத்தியில் சேர்ப்பவனுக்கு வயலே போதும். சேலத்தில் அவனைக் கூப்பிடுவது குழி. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழிக்கு இடப்புறம், கருப்பூர், மாமாங்கம், செட்டிச்சாவடி சுற்றுவட்டாரத்தில் வெள்ளைக் கோடுகள் பின்னிய மேடுகளை ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்றார்கள். அது சாக்குக்கட்டியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஊரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட். ஒரு கனிமத்தின் பேரில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே இருக்கிற ஊர் இது. டுனைட் என்ற பச்சைப் பாறை விரிசல் விட்டு, கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, விரிசலெல்லாம் வெள்ளை நரம்பாக உறைந்தது. இதையும் 1896இல் விவரித்தவர் மிடில்மிஸ்தான். பெரும் உஷ்ணம் தாங்கும் உலைச் செங்கல்லுக்காக இருபதாம் நூற்றாண்டு முழுக்க வெட்டினார்கள். இன்றைக்கு நிற்பது படிப்படியான பெரும் பள்ளங்கள், சிலவற்றில் பச்சைத் தண்ணீர், பக்கத்தில் கழிவு மேடுகள்.

வெள்ளைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் குழப்பாதவர் இல்லை. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். வெள்ளைக்கல் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும், அமிலத்தைச் சூடாக்கினால்தான் நுரைக்கும். நல்ல வெள்ளைக்கல் உடைந்த இடம் பீங்கான் கோப்பை உடைந்ததுபோல் வழவழவென்று வளைந்திருக்கும். அதே குழிகளில் கறுப்பாக, கனமாக ஒரு கட்டி கிடைத்தால் அது கஞ்சமலைப் பக்கத்துக் காந்த இரும்புக்கல் என்று அவசரப்பட வேண்டாம். மெருகில்லாத ஓட்டின் பின்பக்கத்தில் தேயுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் இரும்புக்கல், காபிப்பொடி நிறத்தில் விழுந்தால் குரோமைட்.

நம்மிடம் சேர்த்து வைக்கும் பழக்கமே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் சிலைகளுக்குப் பேர்போனது. அது தொடங்கியதோ கற்களில். மதராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 புவியியல் மாதிரிகளை வைத்துத்தான் 1851இல் அதைத் திறந்தார்கள்; முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். வில்லியம் கிங்கோடு சேர்ந்து 1864இல் சேலம், திருச்சிப் பகுதிகளின் புவியியலை எழுதிய ராபர்ட் புரூஸ் ஃபூட், அதற்கு முந்தைய ஆண்டு பல்லாவரத்தில் பழங்கற்காலக் கோடரியை எடுத்து இந்தியத் தொல்லியலையே திருப்பிப்போட்டவர். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்து, தாம் சேர்த்ததையெல்லாம் ஊர்வாரியாகப் பிரித்து அட்டவணை எழுதினார். அந்தச் சேகரிப்பு 1904இல் எழும்பூருக்குப் போயிற்று. ஆய்வாளர்கள் இன்றும் அதைத் தேடிப் போவது கோடரிகளின் அழகுக்காக அல்ல. எந்த ஓடை, எந்த மேடு என்று அவர் எழுதிவைத்ததால்தான்.

சில நேரம் கல்லுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து விலாசம் வரும். சேர்வராயன் மலையின் நீலங்கலந்த கரும்பாறைக்கு ஹாலண்ட் ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல். அதுவோ மதராஸ் பக்கத்திலிருந்து போன கல். ஏற்காடு போகிற பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலோரம் தெரியும் பாறைக்கு ஒரு கம்பெனி வியாபாரியின் சமாதி பெயர் கொடுத்திருக்கிறது.

இன்னும் தூரத்திலிருந்தும் விலாசம் வந்தது. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சந்திரனில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தார்கள். அனார்த்தோசைட். கால் கிலோவுக்குச் சற்று அதிகம். பத்திரிகைகள் அதற்கு ‘ஜெனிசிஸ் பாறை’ என்று பட்டம் கட்டின. நாசாவின் ஏட்டிலோ அதற்குப் பெயர் 15415 என்ற எண்தான். எந்த நாளில், எந்தப் பள்ளத்தின் விளிம்பில், எந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது என்பதுவரை படத்தோடு பதிவு உண்டு. சந்திரயான்-2 தரையிறங்குவதைப் பழக்கிப்பார்க்க இஸ்ரோவுக்குச் சந்திரனின் மேட்டுநில மண் மாதிரி தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாங்கினால் கிலோ 150 டாலர். தேடியபோது அகப்பட்டது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும்தான். பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினரும் மற்றவர்களும் சேர, பாறையைச் சேலத்தில் அரைத்து 50 டன்னுக்கு மேல் பெங்களூருக்கு ஏற்றிப் போனார்கள். அந்த மண்ணுக்கு 2020இல் காப்புரிமையும் வாங்கியது இஸ்ரோ. பூர்னோன் தாய்ப்பாறையை எறியாமல் பார்த்தாரே, அதே வெள்ளைக் கல்.

இவ்வளவு கேட்டபிறகு நாளைக்கே சுத்தியலோடு கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நின்றுபோன குழி கேட்பாரற்ற குழி அல்ல. குத்தகைதாரர் இருப்பார், இல்லாவிட்டால் அரசு. வெள்ளைக்கல் திருட்டு வழக்குகள் சேலத்தில் புதிதல்ல, கையில் பை வைத்திருப்பவரை யாரும் ஆராய்ச்சியாளர் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. குழி விளிம்பு மழைக்குப் பிறகு இற்றுக் கிடக்கும். தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. வயல் என்றால் காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, விதைப்புக்கு முன்னால் போவது மரியாதை. அவர் வீட்டுத் திண்ணையிலேயே நல்ல கல் ஒன்று கதவுக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பும் உண்டு.

கல்லைக் கழுவப் பழைய பல் துலக்கியும் தண்ணீரும் போதும். பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பிறகு எந்த ஆய்வுக்கும் அது உதவாது. கல்லின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு ஒன்று வைத்து, காய்ந்ததும் மையால் எண் போடுங்கள். அதே எண் நோட்டில். நோட்டில் எழுத வேண்டியது கனிமத்தின் பெயர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெயரைப் பிறகு யாராவது கண்டுபிடித்துக்கொள்வார்கள், நூறு வருஷம் கழித்துக்கூட. ஊர், ஊரிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், ஓடையா, வயலா, குழிக் கழிவா, பாறையில் பதிந்திருந்ததா, தளர்ந்து கிடந்ததா, எந்தத் தேதி, யார் கொடுத்தது, அவர் அந்தக் கல்லை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதையெல்லாம் அன்று மாலைக்குள் எழுதாவிட்டால் யாராலும் மீட்க முடியாது. ‘கர்நாடகம்’ என்று எழுதியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். ‘சேலம் மாவட்டம்’ என்று எழுதுவதும் அதன் தம்பிதான். மாவட்டம் பிரியும், சித்தம்பூண்டி 1956இல் சேலம், 1997 முதல் நாமக்கல்.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் வீடுகளில், ஆசிரியர்களின் மேசை இழுப்பறைகளில், தொட்டிச் செடிக்குச் சரளையாகக்கூட இந்தச் சீமையின் பழைய கற்கள் கிடக்கின்றன. வேலை நின்ற குழியின் அந்தக் குறிப்பிட்ட நரம்பு இனி வராது. அதை வெட்டிய கைகள் இருக்கும்போதே கேட்டு எழுதினால் உண்டு.

மேசையின் கடைசியில் துணிமேல் இருக்கும் இந்தக் கல், ஒரு பாட்டி வீட்டில் அரிவாள்மனையைத் தீட்டிக்கொண்டிருந்தது. குருந்தம்தான், சந்தேகமில்லை, தீட்டித் தீட்டி ஒரு முகம் குழிந்திருக்கிறது. பாட்டியின் பிறந்த ஊர் காவிரிக் கரையில் என்பது வரை பேரப்பிள்ளைகளுக்குத் தெரிகிறது. இந்த நிறத்தில், இந்த வெள்ளைத் தோலோடு, தங்கள் காட்டில் கல் பார்த்தவர்கள் யாராவது அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வரவும். நோட்டும் பேனாவும் கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊர் என்ற இடத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறது.